வலி நின்ற பல்

தாராவி 90 அடி சாலையில் இருக்கும் ஏதாவது ஒரு மெடிக்கல் வாசலில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கன்னத்தைக் கையால் தாங்கியபடி ஒருவர் வருவார். "அண்ணே, பல்வலிக்கு ஒரு செட் குடுங்க" என்பார். கடைக்காரர் மூன்று அட்டைகளிலிருந்து மாத்திரைகளைக் கத்தரித்து, சின்ன காகித உறையில் போட்டுக் கொடுப்பார். வலிக்கு ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, வயிறு எரியாமலிருக்க ஒன்று. இரண்டு நாளில் வலி தணியும். நான்கைந்து நாளில் அடியோடு நின்றுவிடும். அந்தப் பக்கமாகவே மென்று சாப்பிடக்கூட முடியும். பிறகு ஒரு மாதமோ ஆறு மாதமோ கழித்து, ஒரு நாள் காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் அதே பக்கத்துக் கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருக்கும்.

வலி இல்லாத அந்த ஆறு மாதமும் நோய் எங்கே இருந்தது? இதில் இன்னொரு புதிரும் உண்டு. மாத்திரையே போடாமல் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டவர்களில் பலருக்கும் இதே போல வலி தானாக நின்றிருக்கிறது. அப்படியானால் அந்த செட் உண்மையில் என்ன செய்தது?

விடை பல்லின் அமைப்பில் இருக்கிறது. வெளியே தெரியும் வெள்ளை மேலோடு எனாமல். நம் உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் எதுவுமில்லை. எடையில் சுமார் 96 விழுக்காடு தாதுப்பொருள். அதற்கு அடியில் டென்டின், தமிழில் பற்காழ் எனலாம். சற்றே மஞ்சளான இந்தப் பகுதி பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் அதற்குள் நுண்குழல்கள் நெருக்கமாக ஓடுகின்றன. ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம். ஒரு குழலின் அகலம் ஒன்று, இரண்டு மைக்ரான்தான். ஆனால் வாயில் வாழும் பாக்டீரியா நுழைந்து செல்ல அது போதும். எல்லாவற்றுக்கும் நடுவில், ரத்தக் குழாய்களும் நரம்பும் பின்னிய மென்மையான திசு இருக்கிறது. அதுதான் பற்கூழ். ஒரு பல்லில் உள்ள பற்கூழின் அளவு சராசரியாக ஒரு மில்லிலிட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு.

தாராவியின் உட்சந்து ஒன்றில், ஜன்னலே இல்லாத ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய், கரண்ட் கம்பி, சாக்கடை, ஆள் போய்வருவது எல்லாம் வாசலை ஒட்டிய அந்த ஒரே சந்து வழியாகத்தான். பற்கூழ் குடியிருப்பதும் இப்படித்தான். சுற்றிலும் அசையாத பற்காழ்ச் சுவர். வேரின் நுனியில், பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட அகலமில்லாத ஒரு துளை. ரத்தம் உள்ளே வருவதும் திரும்பிப் போவதும், நரம்பு நுழைவதும் ஏறத்தாழ முழுக்க அந்த வேர்நுனித் துளை வழியாகவே. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும், பல் சீழ்க்கட்டியின் நோய்க்குறிகளும் அதற்கான மருத்துவமும் ஒவ்வொன்றாக விளங்கிவிடும்.

இனிப்பும் மாவுப்பொருளும் பல்லில் ஒட்டிக்கொள்ளும்போது, அவற்றைத் தின்னும் பாக்டீரியாக்கள் அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் இந்தக் கட்டத்தில் ஒன்றும் தெரியாது. சொத்தை பற்காழை எட்டியதும் ஐஸ் தண்ணீர் கூசும், இனிப்பு சுருக்கென்று தைக்கும். இந்தக் கட்டத்தில் சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டால் கதை முடிந்தது. விட்டுவிட்டால் பாக்டீரியாவும் அதன் நஞ்சும் நுண்குழல்கள் வழியே பற்கூழை அடையும்.

உடம்பில் வேறெங்கே தொற்று வந்தாலும் அங்கே ரத்தம் பெருகும், நீர் கசியும், சதை வீங்கும். கையில் முள் ஏறினால் தோல் இளகி அந்த வீக்கத்துக்கு இடம் கொடுக்கிறது. பற்கூழுக்கு அந்த வசதி கிடையாது. சுவர் ஒரு இழைகூட நகராது. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பை நெரிக்கிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் வலி இன்னும் ஏறும். பல்வலி ராத்திரியில் கொல்லுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டீயோ சூடான சாம்பாரோ பட்டால் வலி உச்சிக்குப் போகும். சிலருக்கு முற்றிய நிலையில் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால் மட்டுமே வலி அடங்கும். சூட்டில் உள்ளே இருப்பவை விரிந்து, குளிர்ச்சியில் சுருங்குவதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். பாட்டிலும் கையுமாக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததாகச் சொல்லும் நோயாளியிடம் மருத்துவர் மேற்கொண்டு அதிகம் கேட்க வேண்டியதில்லை.

இதில் வேடிக்கையாகத் தோன்றும் இன்னொன்றும் உண்டு. இந்தக் கட்டத்தில் எந்தப் பல் வலிக்கிறது என்று பலராலும் காட்ட முடியாது. மேல் பல்லா கீழ்ப் பல்லா என்றே குழம்புவார்கள், காதைக்கூடப் பிடித்துக் காட்டுவார்கள். பற்கூழின் நரம்புக்கு வலிக்கிறது என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். எந்த இடம் என்று அறிவிக்கும் உணர்வு அதற்கு இல்லை. அந்த உணர்வு பல்லை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாரில் இருக்கிறது. தொற்று வேர்நுனியைத் தாண்டி அந்த நாரைத் தொட்டதும் நோயாளி "இந்தப் பல்தான் டாக்டர்" என்று விரலை வைத்துக் காட்டுவார். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அந்த விரலே சொல்லிவிடுகிறது.

அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் ரத்த ஓட்டம் தடைபடும். பற்கூழ் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். நரம்பும் அதோடு சாகும். செத்த நரம்பு வலிக்காது. வலி தானாக நின்ற நாள் பல் குணமான நாள் அல்ல, பற்கூழ் செத்த நாள். வீட்டில் குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். பாக்டீரியா தங்கிவிட்டது, இருட்டு, ஈரம், தின்பதற்கு அழுகிய திசு, தொந்தரவு செய்ய யாருமில்லை. நான்காம் நாள் மாத்திரைக்குக் கிடைக்கும் நல்ல பெயரில் பெரும்பகுதி இந்தச் சாவுக்குச் சேர வேண்டியது.

இதற்கெல்லாம் பாக்டீரியாதான் காரணம் என்று எப்படித் தெரியும்? பல்லைப் புழு அரிக்கிறது என்றுதான் பாபிலோனியர் காலத்திலிருந்து உலகம் நம்பியது. கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு அந்தப் புகையைச் சொத்தைப் பல்லில் பிடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நம் பாட்டிமார் காலம்வரை இருந்தது. புகை பிடித்தால் புழு செத்து விழும் என்பார்கள். உருப்பெருக்கியில் தேடியும் தனக்குப் புழு கண்ணில் படவில்லை என்று பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-இல் எழுதினார். அவருக்கு முன்பே, 1683-இல், தன் பல்லிடுக்கில் சுரண்டிய அழுக்கில் ஏராளமான குட்டி உயிர்கள் துள்ளுவதைக் கண்டு லண்டனின் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதியிருந்தார் ஹாலந்தின் லேவன்ஹுக். பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கர் டபிள்யூ. டி. மில்லர், அமிலத்தை உண்டாக்குவது இந்த நுண்ணுயிர்களே என்று 1890-இல் விரிவான நூலாகவே எழுதினார்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. பற்கூழ் சாவது பாக்டீரியாவாலா, அல்லது திறந்து கிடப்பதாலும் சாப்பாடு போய் அடைப்பதாலுமா? 1965-இல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் அதற்கு எளிமையான ஒரு சோதனையால் விடை கண்டார்கள். பிறந்ததிலிருந்து ஒரு நுண்ணுயிர்கூடப் படாமல் வளர்க்கப்பட்ட எலிகள் ஒரு பக்கம், சாதாரண எலிகள் மறுபக்கம். இரண்டு கூட்டத்துக்கும் கடைவாய்ப் பல்லில் பற்கூழ் வரை துளையிட்டு, மூடாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். சாதாரண எலிகளின் பற்கூழ் அழுகியது, வேர்நுனியில் சீழ் கட்டியது. நுண்ணுயிரற்ற எலிகளின் பல்லிலும் துளை முழுக்க இரையும் குப்பையும் அடைத்துக்கொண்டிருந்தன. ஆனால் பற்கூழ் சாகவில்லை. சில வாரங்களில் துளைக்கு அடியில் புதிதாகப் பற்காழ் வளர்ந்து தானே மூடிக்கொண்டது.

இந்தச் சோதனையைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பல்லுக்குத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் ஆற்றல் இருக்கிறது. அதைத் தடுப்பது கிருமி மட்டுமே. இன்றைய பல் மருத்துவத்தின் பாதி இந்த ஒரு முடிவின் மேல் நிற்கிறது.

1976-இல் ஸ்வீடனின் சண்ட்க்விஸ்ட் இன்னொரு துண்டைச் சேர்த்தார். அடிபட்டதால் பற்கூழ் செத்த, ஆனால் சொத்தையே இல்லாத 32 பற்களை எடுத்துக்கொண்டார். எக்ஸ்ரேயில் வேர்நுனி எலும்பு கரைந்திருந்த பற்களில்தான், ஒன்றைத் தவிர அனைத்திலும், பாக்டீரியா இருந்தது. எலும்பு நன்றாக இருந்த பற்களில் பற்கூழ் செத்திருந்தும் பாக்டீரியா இல்லை. செத்த திசு மட்டும் நோயை உண்டாக்குவதில்லை என்று அப்போது தெளிவாயிற்று. அவர் கண்டெடுத்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டால் வளராதவை. முந்தைய ஆய்வாளர்கள் பலர் செத்த பல்லிலிருந்து எடுத்ததைச் சாதாரணக் காற்றில் வளர்க்கப் பார்த்து ஏமாந்தது இதனால்தான்.

இனி வேர்நுனிக்கு வருவோம். வீட்டுக்குள் பெருகிய பாக்டீரியா சந்தின் முனையில் தலைகாட்டுகிறது. அங்கே ரத்தம் ஓடுகிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் திரண்டு வந்து எதிர்க்கின்றன, ஆயிரக்கணக்கில் சாகின்றன. செத்த வெள்ளணு, செத்த பாக்டீரியா, கரைந்த திசு எல்லாம் சேர்ந்ததுதான் சீழ். இந்தச் சண்டைக்கு இடம் விட்டு எலும்பும் பின்வாங்குகிறது. எலும்பைக் கரைப்பதற்கென்றே உடம்பில் உள்ள செல்களை, எலும்புதின்னிச் செல்கள் எனலாம், அழற்சி தூண்டிவிடுகிறது. வேர்நுனியைச் சுற்றி ஒரு குழி விழுகிறது. இது மாதக்கணக்கில் சத்தமின்றி நடக்கலாம். கிருமிக்கும் எதிர்ப்புக்கும் இடையிலான சமநிலை என்றாவது சரியும்போது சீழ் சட்டென்று பெருகும். குழிக்குள் அழுத்தம் ஏறி, பல்லையே இம்மி அளவு மேலே தூக்கும். "பல்லு உசந்து நிக்குது, வாயை மூடினா அதுதான் முதல்ல இடிக்குது" என்று நோயாளி சொல்வது கற்பனையல்ல, உண்மையாகவே உயர்ந்துதான் இருக்கிறது.

சீழ் எந்தப் பக்கம் எலும்பு மெல்லிதோ அந்தப் பக்கம் வழி தேடும். எலும்பைத் தாண்டியபின் தசைகள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்பதே அதன் போக்கைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் ஈறில் ஒரு சிறு கொப்புளமாகத் திறந்து, உடைந்து, உப்புக் கரித்து, மறுபடி அடைத்துக்கொள்ளும். அதுதான் புரை. புரை வடிந்துகொண்டிருக்கும்வரை அழுத்தம் சேராது, வலியும் வராது. மேல் கடைவாய்ப் பல்லாக இருந்தால் மேல் தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்குள் சீழ் புகுந்து, தீராத சளி என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அலைய வைக்கும். கீழ் முன்பல்லாக இருந்தால் சில சமயம் தாடையின் அடியில், வெளித்தோலில் புரை திறக்கும். பல்லில் வலியே இருக்காது. நோயாளி அதைப் பரு என்றோ கொப்புளம் என்றோ நினைத்துத் தோல் மருத்துவரிடம் போவார். களிம்பு தடவுவார்கள், அறுத்துத் தைப்பார்கள், திரும்பத் திரும்ப வரும். என்றாவது யாராவது வாயைத் திறக்கச் சொல்லி, நிறம் மங்கிய ஒரு முன்பல்லைக் கவனித்து எக்ஸ்ரே எடுத்தால்தான் விஷயம் விளங்கும். எப்போதோ சிறுவயதில் விழுந்து அடிபட்ட பல்லாக அது இருக்கும்.

நோயறியும் முறைகளில் பல இன்றும் மிக எளிமையானவை. வாய்க் கண்ணாடியின் கைப்பிடியால் மருத்துவர் ஒவ்வொரு பல்லாக மெல்லத் தட்டுகிறார். வேர்நுனியில் சீழ் உள்ள பல்லைத் தட்டினால் நோயாளி நாற்காலியில் துள்ளிவிடுவார். அடுத்து குளிரூட்டும் திரவத்தில் நனைத்த பஞ்சைப் பல்லில் வைக்கிறார். நல்ல பல் ஒரு நொடி கூசி அடங்கும். பற்கூழ் அழற்சியில் இருந்தால் கூச்சம் வலியாகி நீடிக்கும். செத்த பல் ஒன்றும் சொல்லாது. அக்கம்பக்கத்துப் பற்களோடும் மறுபக்கத்து இணைப் பல்லோடும் ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வருவார்கள். ஏனென்றால் வயதானவர்களின் நல்ல பல்கூட மெல்லத்தான் பதில் சொல்லும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் அளவுகோல் ஒன்றை இறக்கிப் பார்ப்பதும் உண்டு. சீழ் பற்கூழிலிருந்து வரவில்லை, ஈறு நோயால் உண்டான பள்ளத்தில் கட்டியிருக்கிறது என்றால், பல் உயிரோடு இருக்கும். அதற்கான மருத்துவம் வேறு. ஞானப்பல்லின் மேல் மூடிய ஈறுக்கடியில் சீழ் கட்டுவதும் தனி வகை.

பிறகு எக்ஸ்ரே. ரான்ட்கன் தன் கண்டுபிடிப்பை 1895 டிசம்பர் இறுதியில் வெளியிட்டார். இரண்டே வாரத்தில் ஜெர்மனியின் ஓட்டோ வால்காஃப் தன் வாய்க்குள் ஒரு கண்ணாடித் தட்டை வைத்துக்கொண்டு, 25 நிமிடம் அசையாமல் படுத்து, முதல் பல் எக்ஸ்ரேயை எடுத்தார். இன்று அதற்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. வேர்நுனியில் எலும்பு கரைந்த இடம் கறுப்பு வட்டமாகத் தெரியும். ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதால் நோயும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெண்டர், செல்ட்ஸர் என்ற இருவர் இறந்தவர்களின் தாடை எலும்புகளில் தாங்களே குழி தோண்டி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1961-இல் இதைக் காட்டினார்கள். உள்ளிருக்கும் மென்மையான எலும்பை எவ்வளவு சுரண்டினாலும் படத்தில் தெரியவில்லை. வெளிப்புறத்துக் கெட்டி எலும்பு அரிக்கப்பட்ட பிறகே கறுப்பு தெரிந்தது. கன்னம் வீங்கிய முதல் நாளில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். அதனால்தான் தட்டிப் பார்ப்பதும் குளிர் வைத்துப் பார்ப்பதும் இன்னும் வழக்கொழியவில்லை.

புரை ஈறில் ஓரிடத்தில் திறந்திருக்கும், குற்றவாளிப் பல் இரண்டு பல் தள்ளி இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த, வளையக்கூடிய மெல்லிய குச்சி ஒன்றைப் புரைக்குள் மெதுவாகச் செருகி எக்ஸ்ரே எடுப்பார்கள். குச்சி எந்த வேரின் நுனியில் போய் முட்டி நிற்கிறதோ அதுதான் பல்.

மருத்துவத்தின் முதல் விதி மிகப் பழையது: சீழ் இருந்தால் அதற்கு வழி திறந்து விடு. பல்லின் மேற்பக்கத்தில் துளையிட்டுப் பற்கூழ் அறையைத் திறந்தாலே சில சமயம் சீழ் பொங்கி வரும். நோயாளியின் முகம் அந்த நொடியிலேயே தெளிவதைப் பார்க்கலாம். ஈறு திரண்டு மெத்தென்று இருந்தால் அங்கே கீறி வடிப்பார்கள். இந்த வேளையில் "ஊசி போட்டும் மரக்கவில்லை" என்று பலர் பயப்படுவதற்கும் காரணம் உண்டு. சீழ் உள்ள இடம் அமிலத்தன்மை கூடியது. மரப்பு மருந்தான லிக்னோகெய்ன் அமிலச் சூழலில் மின்னேற்றம் பெற்றுவிடுகிறது. அந்த வடிவில் நரம்பின் கொழுப்பு உறையைத் தாண்ட அதனால் முடியாது. அதனால் மருத்துவர்கள் கூடியவரை சீழ் இருக்கும் இடத்தைத் தவிர்த்து, நரம்பு வரும் வழியில் தள்ளி ஊசி போடுகிறார்கள்.

இப்போது அந்த செட்டுக்கு வருவோம். ஆன்டிபயாடிக் ரத்தத்தில்தான் பயணம் செய்கிறது. பற்கூழ் செத்த பல்லுக்குள் ரத்தமே போவதில்லை. சந்து அடைபட்ட வீட்டுக்குள் மருந்து எப்படி நுழையும்? வெளியே எலும்பிலும் சதையிலும் பரவிய பாக்டீரியாவை அது அடக்கும், வீக்கம் வற்றும். உள்ளே இருக்கும் கூட்டம் அப்படியே இருக்கும். மாத்திரை தீர்ந்தபின் மறுபடி வெளியே வரும்.

செட்டில் அடிக்கடி இடம்பெறும் மெட்ரோனிடசோல் ஆக்சிஜனை வெறுக்கும் பாக்டீரியாவைக் கொல்வது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் அது நஞ்சாக மாறி வேலை செய்யும். இந்தக் குணம் தெரிய வந்ததே வாய் நோயால்தான். ட்ரைகோமோனாஸ் தொற்றுக்காக இதைச் சாப்பிட்ட லண்டன் பெண் ஒருவர் தன் ஈறுப் புண்ணும் சேர்ந்து ஆறிவிட்டதாகச் சொன்னார். அதைக் கவனித்த பல் மருத்துவர் ஷின் 1962-இல் லான்செட் இதழில் எழுதினார். அருமையான மருந்துதான். ஆனால் எவ்வளவு அருமையான மருந்தானாலும் சீழுக்கு வழி திறக்காமல் குணம் நிலைக்காது. சீழை வடித்து, பல்லைச் சுத்தம் செய்த நோயாளிகளுக்கு அதன் மேல் பெனிசிலினும் கொடுத்துப் பார்த்த சில சிறு ஆய்வுகளை காக்ரேன் ஆய்வுக் குழு தொகுத்தது. கூடுதல் பலன் தெரியவில்லை. உடலில் எதிர்ப்பு நன்றாக உள்ள பெரியவர்களுக்கு, பல் மருத்துவம் உடனே கிடைக்குமானால் பெரும்பாலான பற்கூழ், வேர்நுனி நோய்களுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் நெறிமுறை வகுத்தது. காய்ச்சல் இருந்தால், வீக்கம் பரவினால், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், உடம்பின் எதிர்ப்பு குறைந்திருந்தால் நிச்சயம் வேண்டும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அட்டையின் மேல் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம் என்று மத்திய அரசு 2016-இல் பிரசாரம் தொடங்கியது இதற்காகவும்தான்.

வலிக்கும் இடத்தில் கிராம்பு வைப்பதில் தவறில்லை. அதிலுள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களே அதைத் தற்காலிக அடைப்பில் கலக்கிறார்கள். ஆனால் மகாராஷ்டிரத்துக்கு வந்து நம் பெண்களும் பழகிக்கொண்ட மிஸ்ரியை, அந்த வறுத்த புகையிலைத் தூளை, வலிக்கு மருந்தென்று ஈறில் தேய்க்கவே கூடாது. பல்வலிக்கென்று தொடங்கும் அது பழக்கமாகி, வாய்ப் புற்றுநோய்க்கு வழி வைக்கிறது. கன்னத்தில் வெளியே சூட்டு ஒத்தடமும் வேண்டாம். சீழைத் தோல் பக்கம் இழுக்கக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிப்பது நல்லது.

எதற்கும் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள் நாக்குக்கு அடியிலுள்ள தசையின் ஒட்டுக்கும் கீழே இருக்கின்றன. அங்கிருந்து கசியும் சீழ் நேராகத் தாடைக்கடியில், கழுத்துப் பகுதியில் இறங்கும். இரண்டு பக்கமும் பரவினால் கழுத்து பலகையாக இறுகி, நாக்கு மேலே தூக்கி, மூச்சு வழியை அடைக்கும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இல் இதை விவரித்தார். ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்தைய காலத்தில் வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். எச்சில் விழுங்க முடியவில்லை, வாய் திறக்க முடியவில்லை, குரல் மாறுகிறது, நாக்குக்கடியில் வீங்குகிறது, கண் இமை வீங்கிப் பார்வை மங்குகிறது என்றால் மெடிக்கலுக்குப் போகாதீர்கள். நடு இரவானாலும் ஆட்டோ பிடித்துச் சயான் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பரவல் வேகமாக நடக்கும். கன்னம் வீங்கி வருபவருக்குச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

செட் வாங்குபவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலை எழுந்து இட்லி அவித்து, தலையில் அடுக்குப் பாத்திரத்தோடு லோக்கலில் ஏறும் ஒருவருக்கு ஒரு நாள் வேலை போனால் அன்றைய வருமானமும் போனது. தனியாரில் ரூட் கெனாலும் கேப்பும் சில ஆயிரம் ஆகும். செட் சில பத்து ரூபாய். ஆனால் இந்த ஊரில் மூன்றாவது வழியும் இருக்கிறது, அதைப் பலர் அறியாமலிருப்பதுதான் எனக்கு ஆதங்கம். மும்பை சென்ட்ரலில் 1933-இல் தொடங்கிய நாயர் மருத்துவமனை பல் மருத்துவக் கல்லூரி மாநகராட்சியுடையது. மாஹிமில் வெஸ்டர்ன் லைன் பிடித்தால் போய்விடலாம். சி.எஸ்.எம்.டி. நிலையத்தை ஒட்டி, செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சயான், மாட்டுங்காவிலிருந்து சென்ட்ரல் லைனும் செம்பூரிலிருந்து ஹார்பர் லைனும் அங்கேதான் முடிகின்றன. காலையில் போய்க் கேஸ் பேப்பர் எடுக்க வேண்டும். வரிசை நீளம்தான், பல முறை வரச் சொல்வார்கள். கட்டணம் மட்டும் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு.

பல்லைப் பிடுங்குவதும் முறையான மருத்துவமே. காப்பாற்ற முடியாத பல்லை எடுத்தால் தொற்றின் ஊற்று போய்விடும், குழியில் எலும்பு தானே நிரம்பும். காப்பாற்ற முடிந்தால் ரூட் கெனால். செத்த திசுவை மெல்லிய அரங்களால் வழித்து, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். சீழ் அதிகமிருந்தால் சில நாள் உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடுவார்கள். அது வேதியியல்படி நம் நீற்றுச் சுண்ணாம்புதான். அதன் கடுமையான காரத்தில் பாக்டீரியா பிழைக்காது. வெற்றிலைச் சுண்ணாம்பை வீட்டிலேயே பல்லில் வைத்துக்கொண்டால் ஈறு வெந்துபோகும், அது வேறு விஷயம். கடைசியில் வேர்க்கால்வாயைக் கட்டாபெர்ச்சாவால் அடைக்கிறார்கள். இலுப்பையும் மகிழமும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த மலேயா மரம் ஒன்றின் பால் அது. 1870-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கும் உறை அதே பால்தான். உப்பு நீரில் கெடாத அதன் குணம் கடலுக்கும் வாய்க்கும் ஒன்றாகவே பொருந்துகிறது.

அடைத்து முடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கறுப்பு வட்டம் சுருங்கி, எலும்பின் வலைப்பின்னல் மெல்ல நிரம்பி வந்தால் நோய் தீர்கிறது என்று பொருள். சில பற்களில் முழுதாக நிரம்ப இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். வட்டம் அப்படியே இருந்தாலோ பெருத்தாலோ உள்ளே எங்கோ பாக்டீரியா மிச்சமிருக்கிறது. சூரிக் நகரத்து வால்டர் ஹெஸ் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி, பல்லைக் கரைத்துவிட்டுப் பார்த்தபோது, வேர்க்கால்வாய் என்பது ஒரு நேர்க்குழாய் அல்ல, கிளைகளும் இடைத்தொடர்புகளும் கொண்ட வலை என்று நூறாண்டுக்கு முன்பே தெரிந்தது. அப்படி ஒரு கிளை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கப் பல்லை மறுபடி திறக்கிறார்கள். மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லானால், நுண்ணோக்கியின் அடியில் அவர்கள் முதலில் தேடுவது கன்னப்பக்கத்து முன்வேரில் ஒளிந்திருக்கும் இரண்டாவது கால்வாயை.